நாற்பது கம்ப்யூட்டரும் ஒரு குடும்பமும்

— நன்றியெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? காலேஜ் கம்ப்யூட்டர் லேப் சாவி என் இடுப்புல தொங்குது. திறந்து விட்டேன், அவ்வளவுதானே!

— திறந்து விட்டது மட்டுமா அண்ணே? பசங்க லீவுல போன பத்து நாளும் நீங்க இங்கயே கிடந்தீங்க.

— நாப்பதும் ஒண்ணா ஓடினா ரூம் அடுப்பா கொதிக்குதே, யாராவது பாத்துக்கணும்ல? அந்த இருபத்தொம்பதாம் நம்பர் சண்டி மூச்சு முட்டி நின்னுச்சே!

— உங்க டேபிள் ஃபேன அதுக்குத் திருப்பி வச்சிட்டு, நீங்க வேர்த்து ஊத்த உக்காந்திருந்தீங்க. மறப்பேனா?

— சரி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது. ஊசி போடத் தெரியாத டாக்டர் நீங்க. அப்படி என்ன கணக்கு ஓட்டினீங்க?

— ஒரு குடும்பம் அண்ணே. நாலு தலைமுறையா, நல்லா இருக்கறவங்க ஓடும்போதோ நீந்தும்போதோ இதயம் நின்னு பொசுக்குனு போயிடறாங்க. இதுவரைக்கும் ஆறு பேர். கோளாறு மரபணுவுல எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடணும். அம்பத்திரண்டு பேரோட ரத்தம், ஆயிரக்கணக்கான இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கணக்கு. என் ஒத்தக் கம்ப்யூட்டர் பதினோரு மாசம் கேட்டுச்சு.

— யப்பா!

— ஆனா ஒரு இடத்துக் கணக்கு இன்னொண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதான் நாப்பதுக்கும் பங்கு பிரிச்சேன்.

— ஓகோ, ஆளுக்கொரு மூலையா தேட விட்டுட்டீங்க! கிடைச்சுதா?

— ஒம்பதாம் நாளே கிடைச்சுது. அந்தக் கோளாறு யார் யாருக்கு இறங்கியிருக்குன்னும் தெரிஞ்சுபோச்சு. பதினாலு பேர். அதுல ஒரு வாண்டு, போன வாரம் நீச்சல் போட்டிக்குப் பேர் குடுத்திருந்தா. ஆஸ்பத்திரியில பாத்து ஒண்ணுமில்லன்னு அனுப்பின பொண்ணு.

— ஐயோ! இறங்கிட்டாளா?

— தடுத்தாச்சு அண்ணே. இனிமே தினம் மாத்திரை, டாக்டர் கண்காணிப்பு. பயமில்லாம வளருவா.

— அடி ஆத்தி! யாரக் கேட்டுடா திறந்தேன்னு பிரின்சிபால் என்னைக் கிழி கிழின்னு கிழிச்சாரு. இப்ப நினைச்சா அந்தத் திட்டுகூட இனிக்குது.

— நான் போய் அவர்கிட்ட பேசட்டுமா?

— விடுங்க, வாங்கினது வாங்கினதுதான். அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிட்டீங்களா? தாங்கிக்கிட்டாங்களா?

— சொல்லிட்டேன் அண்ணே. முதல்ல எங்க அம்மாகிட்டதான் சொன்னேன். என்னோட முதல் மாத்திரைய அவங்கதான் எடுத்து என் கையில வச்சாங்க.