போல்ட்டில் இருந்த 9135

எனக்கு வயது இருபத்து மூன்று. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. அச்சகத்துக்கு மேல்மாடியில், என் அப்பாவின் அக்காவான அத்தையுடன் வசிக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தாலும் கடையிலும் இணையத்திலும் "போல்ட்டு" என்றால்தான் என்னைத் தெரியும். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

அத்தையின் கணவரான மாமா ஐந்து மாதங்களுக்கு முன் இறந்துபோனார். அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று பீரோவுக்குப் பின்னால் போர்வை சுற்றி நின்றது. அது மாமாவின் அப்பா போரில் வைத்திருந்து, பணி முடிந்தபோது அனுமதியோடு வாங்கிக்கொண்டது. "பெருக்கும்போதெல்லாம் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்குடா, யாருக்காவது குடுத்துடலாம்" என்று அத்தை சொன்னதன் பேரில், பழைய ஆயுதங்கள் வாங்க உரிமம் பெற்ற வியாபாரியிடம் கொடுப்பது என்று முடிவானது.

அதன் பின்னர் நான் போர்வையைப் பிரித்தேன். ஆறு வருடங்களாக இந்த வகை ரைஃபிள்களைப் பற்றி இணையக் குழுவில் படித்தும் எழுதியும் வருகிறேனே தவிர, ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. சட்டையில் இரண்டு முறை கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன். தொழிற்சாலை முத்திரை, வருடம், வார் மாட்டும் வளையம், குறிபார்க்கும் தகடு ஆகியவற்றை வைத்து ரகத்தைக் கண்டுபிடித்தேன். தகட்டைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வந்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி ஆய்வாளர் சொன்னதால் விட்டுவிடுகிறேன். ஆனாலும் அது ஆரம்பகாலத் தகடு என்பதை மட்டும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

குழலின் அடியில் 2708 என்றும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் மேல் 9135 என்றும் பொறித்திருந்தது. இரண்டையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "டேய் போல்ட்டு, செம பீஸுடா! ஆனா போல்ட்டு வேற வீட்டுப் பிள்ளை" என்று ஒருவன் எழுதினான். அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அதன் பின்னர் வியாபாரி அனுப்பிய மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "கட்டை நல்லாருக்கு, குழல் நல்லாருக்கு. நம்பர் மட்டும் ஒண்ணா இருந்திருந்தா மூணு மடங்கு சொல்லியிருப்பேன்மா" என்றார். அத்தை விலையைக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்டார்.

அதற்கடுத்த புதன்கிழமை அத்தை கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், நான் போல்ட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், இடுக்கியில் பிடித்து, சிறு அரத்தால் 9135-ஐத் தேய்த்து எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. அத்தை திரும்புவதற்குள் போல்ட்டை மறுபடி ரைஃபிளில் மாட்டிவிட்டேன். அந்த இடத்தில் 2708 என்று அடிப்பதற்காக எண் அச்சுகளை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். அத்தைக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்றுதான் செய்ததாக முதலில் எழுதச் சொன்னேன். அது பாதி உண்மை. "எல்லா நம்பரும் ஒண்ணுதான், இப்ப சிரிங்கடா" என்று குழுவில் போடுவதற்கு அன்றைக்கே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அது மீதிப் பாதி.

அச்சு வந்து சேருவதற்குள், விற்பனைக்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று, திங்கட்கிழமை அத்தை என்னிடம் சொல்லாமல் வண்டி பிடித்து ரைஃபிளை இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். லைசென்ஸில் போல்ட் எண்ணும் இருந்தது. ரைஃபிளில் பளபளப்பான ஒரு திட்டு மட்டும் இருந்தது. ஆயுதத்தில் எண்ணை அழிப்பது குற்றம் என்றும், இறந்தவர் திருட்டு ஆயுதத்தை மறைத்தாரா என்று விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. உடனே அத்தை, "அவரை எதுக்கு இழுக்கிறீங்க? துரு புடிச்சிருந்துச்சு, நான்தான் தேய்ச்சேன்" என்றாராம். எதை வைத்து என்று எழுத்தர் கேட்டதற்கு, "பாத்திரம் தேய்க்கிற நாரு" என்றாராம். அதை அப்படியே எழுதி, வழக்கறிஞரோடு வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை நேற்று மாலை பருப்பு டப்பாவுக்கு அடியில் பார்த்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது அத்தை, "அரத்தூளை உதறாம சட்டையைத் துவைக்கப் போட்டா எனக்குத் தெரியாதாடா? உனக்கு வேலைக்குப் போற வயசு. நான் எங்க உக்காந்தா என்ன?" என்றார். அதன் பின்னர் மாமாவின் அப்பா கொடுத்த பழைய லைசென்ஸ் மனுவின் நகலை எடுத்துக் காட்டினார். குறிப்பு என்ற இடத்தில் இப்படி இருந்தது: "போல்ட் 9135 என்னுடையது அல்ல. முகாமில் பக்கத்துக் கட்டில்காரனுடையது. இருவரும் ஒரே தட்டில் வைத்து எண்ணெய் போட்டபோது மாறிவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அவன் போரிலிருந்து திரும்பி வரவில்லை."

அந்தக் கட்டில்காரன் பெயர் என்ன என்று கேட்டேன். மாமாவுக்கும் தெரியாது என்றும், வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் போடும்போது அந்த நம்பரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போர்வையைச் சுற்றுவார் என்றும் அத்தை சொன்னார். குழுவில் ஆறு வருடமாக நம்பர் சேருதா, சேரலையா என்று சண்டை போட்டிருக்கிறோம். சேராத நம்பர் யாருடையது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எண்ணை அழிக்கும் முன் எடுத்த படம் தேதியோடு உள்ள என் செல்போன், அரம், இன்று காலை வந்து இன்னும் பிரிக்காத எண் அச்சுப் பார்சல் ஆகியவற்றை ஒப்படைக்கிறேன். இதனால் என் மேல் வழக்கு வரலாம் என்பதை ஆய்வாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பாத்திர நாரால் அந்த எண்ணை அழிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் தேய்த்துப் பார்க்கலாம். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சாட்சிக்கு என்று அந்த நாரைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். தயவுசெய்து அதை வாங்க வேண்டாம்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் "அழிக்கப்பட்ட எண்" என்று மட்டும் இருந்தது. எண்ணையே எழுதும்படி கேட்டேன். எழுத்தர் அதை அடித்துவிட்டு 9135 என்று எழுதினார். இப்போது எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் நடந்தது. திருத்திய இடத்தில் ஒன்றும், கீழே ஒன்றுமாக இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)