நெடுவானில் ஒரு முற்றுகை

பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதைவிட, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவது எவ்வளவோ மேல், மேடம். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் வழியில் வடையும் வாங்கிக்கொள்ளலாம். யுகேந்திரனுக்குப் பருப்பு வடை பிடிக்கும். போன ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டு போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அவரைப் பட்டினி போட்டதாக வெளியே பேசுகிறார்களாம். அது பொய்.

உங்களுக்கு இந்த விளையாட்டுகள் பழக்கமில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, சொல்கிறேன். 'நெடுவான்' என்பது விண்வெளிப் போர் விளையாட்டு. ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் சுடுகிற அவசரக்காரர்களுக்கு அதில் இடமில்லை. கோள்களைப் பிடிக்க வேண்டும், ஆள வேண்டும், எதிரியின் வழிகளை அடைக்க வேண்டும். பொறுமை வேண்டும். யுகேந்திரன் அதைத் தனி ஆளாக உருவாக்கினார். கோள்களுக்கு ரவாங், சுங்கை வே, தெலுக் பங்லிமா காராங் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். ரவாங் விழுந்த அன்றைக்குப் போலந்தில் ஒருவன் அழுதுகொண்டே எனக்குச் செய்தி அனுப்பினான். நம் பிள்ளை ஒருவன் இதைச் செய்தானே என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? எனக்கு வேலை தெலுக் பங்லிமா காராங்கில், ஒரு தொழிற்சாலைக் கிடங்கில். அங்கே யாரிடம் போய் இதைச் சொல்வது?

ரசிகர் குழுவை ஆரம்பித்தவன் நான். அதை நடத்துகிறவனும் நான்தான். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். முகுந்தன் என்றால் அவர்களுக்குத் தெரியும். யுகேந்திரனுக்கு வேலை செய்ய இடமில்லை என்றபோது, பழைய அச்சகத்துக்கு மேலே அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தேன். கீழே அச்சகம் மூடிக் கிடக்கிறது, தொல்லை இல்லை. அவர் விளையாட்டுக்குக் குரல் பதிவு செய்கிறவர். அதற்காகச் சன்னல்களுக்குப் பலகை அடித்து, சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியதும் நானே. "நீங்க இல்லன்னா நான் என்னண்ணே செய்வேன்" என்று அவர் வாயால் சொன்னார். அதை நான் மறக்கவில்லை. அவர்தான் மறந்துவிட்டார்.

ஒவ்வொரு பாகமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். எங்கோ சிறைப்பட்ட ஒருவன் உதவி கேட்டுக் கூப்பிடுவான். அந்தக் குரல் யுகேந்திரனுடையது. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் கப்பல் அனுப்புவதில்தான் ஆட்டமே ஆரம்பிக்கும். முந்தைய பாகத்தில் ஒரு துப்பைச் சுங்கை வேயில் நிஜமான ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒட்டி வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

கடைசிப் பாகம் பாதியில் நிற்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "போதும்ணே. எனக்கு முடியல. சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருக்கு. விஷ்ணுப்ரியா வீட்லயும் கல்யாணத்துக்குக் கேக்குறாங்க."

"அப்ப நெடுவான் என்னா ஆகும் தம்பி?"

"அது வெறும் கேம் தானேண்ணே. விடுங்க லா."

வெறும் கேம். அதை உருவாக்கியவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது. நான் கோபப்படவில்லை. வடையைச் சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

நெடுவானை முறையாக ஆடியவர்கள் ஒரு கோளை நேரடியாகத் தாக்கமாட்டார்கள். அதன் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பார்கள். வழி அடைபட்ட கோள் உடனே அழியாது. முதலில் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும், அதன் பிறகு வெள்ளைக்கொடி காட்டும். சேதம் குறைவு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவருடைய ஆட்டம்தான்.

முதலில் விஷ்ணுப்ரியா. இவரோடு பழகுகிற வேறொரு பெண் எழுதுவதுபோல அவளுக்குச் சில செய்திகள் அனுப்பினேன். அவள் இவரிடம் கேட்கக்கூட இல்லை, போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான் அந்தக் காதல். அடுத்தது சிங்கப்பூர். அவருடைய மின்னஞ்சலிலிருந்தே வேலை வேண்டாம் என்று எழுதினேன். கடவுச்சொல் அவர் என்னை நம்பிக் கொடுத்திருந்தது. அவர் உடைந்துபோனார். என் தோளில் சாய்ந்து அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். இனி வேலையில் மனம் போகும் என்று நினைத்தேன். அப்போதும் ரவாங்கில் இருக்கிற அம்மாவிடம் போய்விடுகிறேன் என்று பையைக் கட்டினார்.

அன்றைக்குத்தான் அறைக் கதவுக்கும் மாடிப்படி கிரில்லுக்கும் பூட்டுப் போட்டேன். போனையும் நான் வைத்துக்கொண்டேன். அவர் அம்மா வீரம்மா கூப்பிட்டபோது நானே பேசினேன். "ஜெர்மனில கேம் விழாவாம் ஆன்டி, ரொம்ப பிஸி. போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன். நல்ல மனுஷி. "சாப்பாட்டுக்கு என்னாய்யா பண்றான், ஊசியெல்லாம் எடுத்துக்கிட்டானா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொண்டான் என்றேன். அது பொய்யில்லை. யுகேந்திரனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் இருக்க முடியாது. அதை நான்தான் வாங்கி வந்து, அறையில் இருந்த சின்ன ஃபிரிஜ்ஜில் வைத்தேன். இதையும் எழுதுங்கள்.

அவர் வேலை செய்தார். கொஞ்சம் அழுதார், கொஞ்சம் கத்தினார், ஆனால் செய்தார். முடித்த பகுதியை ரசிகர்கள் ஆடுவதற்காக இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இணையத்தைத் திறந்துவிட்டேன். நிரல் எழுதுவது எனக்குத் தெரியாது, மேடம். அவர் எதை ஏற்றினார் என்பதை எல்லாரையும் போல வீட்டுக்கு வந்து ஆடும்போதுதான் பார்த்தேன்.

ஆட்டத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று ஒரு புதுக் கோள் முளைத்திருந்தது. அதிலிருந்து அவர் குரல் வந்தது. "நான் யுகேந்திரன். இது கதை இல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, பழைய அச்சகத்துக்கு மேல என்னைப் பூட்டி வச்சிருக்காங்க. தயவுசெஞ்சு யாராவது போலீசுக்குச் சொல்லுங்க." தமிழிலும் சொன்னார், ஆங்கிலத்திலும் சொன்னார்.

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் குழுவைத் திறந்து பார்த்தால் திருவிழா. இதுவரை வந்ததிலேயே இதுதான் உருக்கமான தொடக்கம் என்றார்கள். குரலில் அந்த நடுக்கத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று அலசினார்கள். ஓரிருவர் சந்தேகப்பட்டார்கள். கதையைக் கெடுக்காதீர்கள் என்று எழுதி, அவர்களைக் குழுவிலிருந்து நீக்கினேன். சுங்கை வேயிலிருந்து லோகன் என்கிற ஒருவன் நேராக அச்சகத்துக்கே போய்விட்டான். பூட்டோடு படம் எடுத்துப் போட்டு, "துப்பு கெடச்சிருச்சு போஸ். உள்ள யாரோ கதவைத் தட்டுற மாதிரி ஸ்பீக்கர் எல்லாம் வச்சிருக்காங்க. தரம் லா" என்று எழுதியிருந்தான். ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

விஷ்ணுப்ரியா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, கேம்ல வர்றது நெசமா?"

"அவன் விளம்பரம் எப்படின்னு உனக்குத் தெரியாதாம்மா? ஜெர்மனில ஜாலியா இருக்கான்."

"அப்ப சரிண்ணே" என்றாள். பிறகு அவளே உங்களிடம் வந்திருக்கிறாள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.

மறுநாள் அறைக்குப் போனேன். எனக்கு மனம் நொந்துபோயிருந்தது. அத்தனை செய்தும் என்னை நம்பாமல் ஊரைக் கூட்டினாரே. அதை அவரிடமே சொன்னேன். வாசல்வரை வந்துவிட்டுப் போன லோகனைப் பற்றியும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு தம்பி" என்றேன். முடியாது என்று தலையாட்டினார். வடையைத் தொடவில்லை. நான் ஃபிரிஜ்ஜைத் திறந்து, இன்சுலின் அத்தனையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஊசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவரே ஒருமுறை எனக்கு விளக்கியிருக்கிறார். தாகம் எடுக்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், பிறகு நினைவு போகும். ஆக, வரிசை எனக்குத் தெரியும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக்கொடி. அவர் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அடுத்த ரயிலிலேயே மருந்தோடு வந்திருப்பேன். போன் என்னிடம் இருந்தது உண்மைதான். ஆனால் கணினி அவரிடம்தானே இருந்தது? ஆமாம், இணையத்தை நான்தான் அடைத்து வைத்திருந்தேன். அது இப்போது நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றுகிறது.

நீங்கள் பூட்டை உடைத்தபோது அவர் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாராம். இன்சுலின் இன்னும் என் வீட்டு ஃபிரிஜ்ஜில்தான் இருக்கிறது. அவரைக் கொன்றது நான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் அவரைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நாட்களில் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சோறு தண்ணீர் மறந்து, கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மேடம். அவரை மீட்க பிரிக்ஃபீல்ட்ஸ் கோளுக்குப் போன கப்பல்களில், முதலில் போய்ச் சேர்ந்தது என்னுடையதுதான்.