பதினொரு சவுக்கு

– அந்தப் பீரங்கிக் குண்டு ஏத்தற வண்டியில உக்காராதேன்னு எத்தனை தடவை சொல்றது? நூறு வருஷத்துப் பொருள்.

– கால் கடுக்குதுங்க. என் கனத்துக்கு அது ஒண்ணும் உடைஞ்சு போயிடாது.

– சரி, கையெழுத்துக்கு வா. காலையிலேர்ந்து இந்தப் பாதாள அறையிலயே உனக்காகக் காத்துக் கிடக்கேன். நாலு மணிக்குள்ள மரத்தை வெட்ட உன் மரப்பிரிவோட அனுமதி போகலைன்னா, மேல இருக்கிற பீரங்கி மேடையைப் பாதுகாப்புப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. அப்புறம் பராமரிப்பாளர்னு எனக்கு ஒரு வேலையே கிடையாது.

– எட்டு வருஷம் வளர்த்த மரம். முதல் வருஷமே உப்புக் காத்துல நாலு கருகி, திரும்ப வச்சேன். வாளியில தண்ணி சுமந்து தோள்பட்டையே இறங்கிப்போச்சு. அதை ஒரு கையெழுத்துல சாய்ச்சுடணுமாக்கும்.

– பீரங்கிக்கு முன்னால கடல் தெரியணும். அதுதான் முறை.

– எதுக்கு? எதிரிக் கப்பல் வருதா?

– கிண்டல் பண்ணாதே.

– கட்டின நாள்லேர்ந்து ஒரு குண்டுகூட எதிரி மேல சுட்டதில்லைன்னு பூங்காவுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் நீங்கதானே சொல்றீங்க. அவங்களும் தலையாட்டிட்டு என் மர நிழல்லதான் போய் உக்காருறாங்க.

– வரைபடத்துல ரெண்டு கோடு போட்டிருக்கு. பீரங்கியிலேர்ந்து கடல் வரைக்கும் அந்தக் கோட்டுக்குள்ள எதுவும் மறைக்கக் கூடாது. உன் பதினொரு சவுக்கும் அதுக்குள்ளதான் நிக்குது. நான் என்ன பண்றது?

– குழி தோண்டினப்ப கயிறு பிடிச்சது யாருங்க? "இன்னும் கொஞ்சம் இப்படி வை, காத்தைத் தடுக்கும், இரும்பு துருப்பிடிக்காது"ன்னு சொன்னது யாரு?

– அப்ப வரைபடம் என் கண்ணுல படலையே. போன மாசம் இந்த அறையை ஒழிக்கிறப்பதானே மூலையில சுருண்டு கிடந்துச்சு.

– அது மேல துணி போட்டு இஸ்திரி பண்ணி நிமிர்த்திக் கொடுத்தது நான். நல்லா இருக்கு என் புத்தி. அப்பவே அடுப்புல போட்டிருக்கணும்.

– வாயை வச்சுட்டு சும்மா இரு.

– ஆய்வுக்கு வந்த அதிகாரி பாட்டுக்கு டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பினாரு. பின்னாடியே ஓடிப்போய் அதை நீட்டச் சொல்லி உங்களை யாரு கேட்டா?

– பெருமையா இருந்துச்சு, காட்டினேன். இருபது வருஷமா இந்த இரும்பைத் துடைக்கறேன், ஒருத்தன் 'பரவாயில்லையே'ன்னு சொன்னதில்ல. அன்னிக்கு அந்த ஆளு என் முதுகுல தட்டினாரு. அடுத்த நிமிஷம் அந்த ரெண்டு கோட்டையும் பார்த்து மரத்தை எண்ணுவாருன்னு நான் கண்டேனா?

– நாலையாவது விட்டு வைக்கச் சொல்லிக் கேட்டீங்களா?

– மூணு தடவை போய்க் கேட்டேன். "உங்க வரைபடம்தானே சொல்லுது"ன்னு என்கிட்டயே திருப்பி விடறாரு. அவர் அறை வாசல்ல நின்னு நின்னு மானமே போச்சு. எனக்கு மட்டும் ஆசையா? காலையில மேடை ஏறினா நான் முதல்ல பார்க்கறது உன் மரத்தைத்தான். ஆனா இந்த வயசுல வேற எவன் என்னைச் சேர்த்துக்குவான், சொல்லு.

– அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடணும்.

– வேணாம். விடு.

– என்ன வேணாம்?

– கையெழுத்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பட்டியல்லேர்ந்து எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். மரம் நிக்கட்டும். உன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு எனக்கு இந்த வேலை தேவையில்ல. எழுந்திரு, மேல போய் அந்த அதிகாரி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வர்றேன்.

– மேல போகாதீங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க.

– ஏன், என்ன ஆச்சு?

– காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேங்க. இந்தச் சுவரைத் தாண்டி ரம்பச் சத்தம் கேக்காதுன்னுதான் நான் கீழ இறங்கி வந்தேன்.