படியாத விரல்

கை குளிர்ந்திருந்தால் மெஷின் படிக்காது. அதனால் முதலில் ஆளின் கையை என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடு பண்ணுவேன். பிறகு ஈரத்துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை. அவசரப்பட்டு விரலைக் கண்ணாடியில் வைத்துத் தேய்ப்பவர்களுக்குத்தான் 'தெளிவு போதாது' என்று வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பாதிப் பேர் கேட்டுக்கொள்வார்கள், மீதிப் பேர் மெஷினைத் திட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியில் என் வேலை அதுதான். பேச்சுமூச்சில்லாமல் வருகிறவர்கள், தன் பெயரே மறந்துபோனவர்கள், கூட யாரும் இல்லாதவர்கள் என்று யார் வந்தாலும் படுக்கைக்கே மெஷினை எடுத்துக்கொண்டு போய் விரலை வைப்பேன். முன்பே பதிவு செய்த ஆளாக இருந்தால் திரையில் எல்லாம் வந்துவிடும். பெயர், ரத்த வகை, பழைய வியாதி, தினம் சாப்பிடுகிற மாத்திரை, வீட்டு ஆளின் போன் நம்பர். கொத்தனார் கை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கை, சுருங்கிப்போன கிழவர்களின் கை எல்லாம் என்னிடம் படிந்திருக்கின்றன. வார்டில் எனக்கு ரேகை அக்கா என்று பெயர். பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். விசாரணைக்கு வந்த முதல் நாளே நீங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். "துணிக்கடைக்காரர் கை. பஞ்சு மாதிரி இருந்திருக்கும். அது எப்படி உங்களுக்குப் படியாமப் போச்சு?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. எழுதித் தருகிறேன் என்றேன். பேசச் சொன்னால் எனக்குக் கோவையாக வராது.

அன்று காலையில் நினைவில்லாத ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். பஸ் நிலையத்துக்கு வெளியே ரோட்டைக் கடக்கும்போது வேன் அடித்துவிட்டது. பையும் போனும் கூட்டத்தில் யார் கைக்கோ போய்விட்டன. முகம் ஒரு பக்கம் வீங்கி, தலையிலும் தாடையிலும் கட்டுப் போட்டிருந்தது. வாசலில் ஆள் முகம் பார்த்துச் சொல்லும் கேமரா ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு அது முகமாகவே தெரியவில்லை. கூட வந்த கான்ஸ்டபிள் தன்னிடம் இருந்த சின்ன மெஷினிலும் விரலை வைத்துப் பார்த்திருந்தார். "எங்க மெஷின்ல மாட்டினவங்க மட்டும்தாம்மா இருப்பாங்க. இதுல வரலைன்னா ஆளு நல்லவருதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையைச் சூடு பண்ணும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கட்டைவிரல் நகத்தில் கத்தரி பட்ட பழைய பிளவு. அவர் என் கணவர்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு நொடி நிறுத்தினேன், அவர் ஏதாவது சொல்லி முடிக்கட்டும் என்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை, துணிக்கடைச் சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுப்பார். கடையில் அவர் இருந்தால்தான் துணி எடுப்போம் என்று காத்திருந்து எடுக்கிறவர்கள் உண்டு. போன இடமெல்லாம் கலகலவென்று ஆகிவிடும். அவருடைய அக்கா பிள்ளைகளுக்கு அவர் கலகல மாமா. நாலு பேர் நடுவில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்... எங்க வீட்டு ரேடியோ ஸ்டேஷன் பிடிக்குது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். இதை யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு இந்த மெஷின் வந்தபோது நான் பழகுவதற்கு முதலில் பதிவு செய்தது அவர் விரல்களைத்தான். "இனிமே நான் ஓடிப்போனாலும் தப்பிக்க முடியாதா? ஐயோ பாவம் நான்" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் அப்பா இறந்த அன்று வீடு நிறைய ஆள். "கடைசியா அப்பா என்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். அன்றும் ரேடியோதான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அவர்மேல் அன்று வந்த வெறுப்பு அப்படியே உள்ளே தங்கிவிட்டது. மறுநாள் காலையில் வழக்கம்போல அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன்.

ஆக, வார்டில் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மானிட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா, தெரியவில்லை. விரலைக் கண்ணாடியில் படுகிற மாதிரி வைத்தேன். அழுத்தவில்லை. தெளிவு போதாது என்று வந்தது. பத்து விரலுக்கும் அதேதான். பக்கத்தில் நின்ற நர்ஸ், "ரேகை அக்காவுக்கே படியலையா? அப்ப யாரு வந்தாலும் படியாது" என்றாள். இன்று ஒரு நாள் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் படிந்தால் போயிற்று.

அவரை யாரும் தேடவில்லை. கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் கிளம்பியவர். திரும்பி வர நாலைந்து நாளாகும் என்று எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் அவருடைய அக்கா போன் பண்ணினார்.

"போய்ச் சேர்ந்துட்டானா? போனே எடுக்க மாட்டேங்கறான்."

"சேர்ந்துட்டாரு அண்ணி. அங்க சிக்னல் சரியில்லையாம்."

"மாத்திரை எடுத்துட்டுப் போனானா? அவனுக்கு எல்லாம் விளையாட்டு."

"நான்தான் எடுத்து வச்சேன் அண்ணி. கவலப்படாதீங்க."

மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி வேலை செய்யாது. அது சுரக்க வேண்டியதை மாத்திரையாகத் தினமும் உள்ளே தள்ள வேண்டும். ஒரு நாள் தவறினாலே சோர்ந்துபோவார். அடிபட்டாலோ கடும் காய்ச்சல் வந்தாலோ அதிகமாகக் கொடுக்க வேண்டும், ஊசியாகப் போட வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய் ஆளை முடித்துவிடும் என்று டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். அன்று அவர்கூட ஜோக் அடிக்காமல் கேட்டார். அவர் பதிவில் அதைத்தான் சிவப்பு எழுத்தில் முதல் வரியாகப் போட்டிருக்கிறது. போட்டதும் நான்தான். மறந்துவிடுவார் என்று ஒரு பட்டை மாத்திரை எப்போதும் என் கைப்பையில் இருக்கும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நான் வார்டு வார்டாகப் போவேன்.

மறுநாள் காலையில் பயிற்சி டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சின்ன வயசு. தூங்காமல் கண் சிவந்திருந்தது.

"அக்கா, பிரஷர் ஏன் இறங்குதுன்னே பிடிபடல. உள்ள ரத்தக்கசிவும் இல்ல. எது போட்டாலும் ஏற மாட்டேங்குது. யாருன்னு தெரிஞ்சா பழைய ரிப்போர்ட் ஏதாவது கிடைக்கும். இன்னொரு தடவை வச்சுப் பாருங்களேன்."

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நன்றாக அழுத்திப் பார்க்கிறேன் டாக்டர் என்றேன். அவர் எதிரிலேயே துடைத்தேன், சூடு பண்ணினேன், வைத்தேன். படியவில்லை. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அழுத்துகிற மாதிரி தெரிய வேண்டும், ஆனால் படியக்கூடாது. அதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாருமில்லாதவருக்கு இவ்வளவு பார்க்கறீங்களே, உங்களுக்கு நல்ல மனசுக்கா" என்றாள் நர்ஸ். அவள் அந்தப் பக்கம் போனதும் அவரிடம் பேச ஆரம்பித்தேன். முதலில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மாடிப்படி விளக்கு எரியவில்லை, கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள் என்று ஊர்க்கதை பேசினேன். பிறகு அப்பா விஷயத்தைச் சொன்னேன். 'ஜன்னலைத் திற, கசகசன்னு இருக்கு.' அவ்வளவுதான் அப்பா கடைசியாகச் சொன்னது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து சொல்லி முடித்தேன். இடையில் யாரும் குறுக்கே வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று தோன்றியது. இன்னும் ஒரே ஒரு நாள், அப்புறம் சொல்லிவிடலாம் என்று மறுபடியும் நினைத்தேன். அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையிலும் டாக்டர் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். அன்று மத்தியானம் என் கணவர் போய்விட்டார். நர்ஸ் வந்து சொல்லும்போது நான் வேறு வார்டில், விழுந்து இடுப்பொடிந்த ஒரு அம்மாளின் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்கு முதல் தடவையிலேயே படிந்தது. மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் ஓடி வந்தார்.

அடையாளம் தெரியாத உடலுக்குப் பிணவறையில் இன்னொரு முறை ரேகை எடுக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை அதுவும் என் வேலைதான். ஆனால் நான் தூங்கிவிட்டேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. குளியலறையில் பாட்டு இல்லை, கதவு தட்டி எழுப்புகிற வேடிக்கை இல்லை. வெயில் கட்டிலுக்கு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. என் இடத்துக்குச் சோடாபுட்டி போனான். எங்கள் பிரிவில் இருக்கிற பையன். கண்ணாடி தடிமனால் அந்தப் பெயர். எந்த விரலையும் ஒழுங்காகப் படிய வைத்தவன் இல்லை. கையைச் சூடு பண்ணவில்லை, துடைக்கக்கூட இல்லையாம். ஐஸ் மாதிரி இருந்த விரலை எடுத்து வைத்திருக்கிறான், பளிச்சென்று படிந்துவிட்டது. மெஷினைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கக்கூடாது.

அவன் போன்தான் என்னை எழுப்பியது. "அக்கா, சிஸ்டம் கன்னாபின்னான்னு காட்டுது. பிணவறையில இருக்கற ஆளுக்கு உங்க நம்பரைக் காட்டுதுக்கா. பேரும் உங்க வீட்டுக்காரர் பேரு. சிரிப்பா இல்ல?"

"சரியாத்தான் காட்டுது" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவன் போனை வைத்துவிட்டான்.

இனி மூன்றாம் நாள். ரத்து செய்ததைக்கூட மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று படிந்தது, உடனே ரத்து செய்யப்பட்டது என்று அது சொல்கிறதாம். ஆமாம், மேடம். அது பொய் சொல்லாது.

அன்று காலை நான் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். வீங்காத கண். என்னைப் பார்த்தார். யாரோ என்று பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தாடையில் கட்டு இருந்ததால் வாய் திறக்க முடியவில்லை, தொண்டையில் ஏதோ சத்தம் மட்டும் வந்தது. டாக்டர் அடுத்த படுக்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் விரலை எப்போதும்போல லேசாக வைத்தேன். அவர் அழுத்தினார். அவராகவே அழுத்தினார். திரையில் போட்டோவும் பெயரும் வந்தன, சிவப்பு எழுத்தும் வந்தது.

"வந்துச்சா அக்கா?" என்றார் டாக்டர், திரும்பாமலேயே.

"இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு ரத்து பண்ணினேன். என் கணவர் விரலைத் தூக்கி மறுபடி கண்ணாடியில் வைக்கப் பார்த்தார். நான் மெஷினை எடுத்து நகர்த்தி வைத்தேன். கொன்றது நான்தான். இதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை. டாக்டரையும் நர்ஸையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உயிருக்குப் போராடித்தான் அவர் விரலை அழுத்தினார் என்கிறீர்கள். நீங்கள் அவரோடு வாழ்ந்ததில்லை. அவர் மெஷினைத் தேடவில்லை, மேடம், என்னைத்தான் தேடினார். மெஷினை நகர்த்திவிட்டு என் கையைக் கொடுத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பா சொன்னதை இன்னொரு தடவை சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டார். என்னைப் போக விட அவருக்கு மனசே இல்லை. அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அடுத்த வார்டுக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.