கைராசிக்காரி

வெயிலில் வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் மோர் குடியுங்கள். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

அரூர் பக்கத்தில் இந்த ஊருக்கு நான் அரசாங்க மருத்துவச்சியாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கூரை ஒழுகும். ஜீப் தருகிறோம் என்றார்கள், தரவில்லை; நடந்துதான் போனேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஆறே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். என்னை இங்கே நிறுத்தி வைத்தது சம்பளமா? ஊர்ப் பேச்சு ஐயா.

"ராஜமேரி சிஸ்டரு கை பட்டா தாயி வேற புள்ள வேறயா பொழைச்சுக்கும்" என்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிரசவம். ஒரு தாய்கூடச் சாகவில்லை. பக்கத்து ஊர் மருத்துவச்சி இதைச் சொல்லட்டும், பார்ப்போம்.

காவேரிதான் அந்தப் பேரைக் கெடுக்கப் பார்த்தாள். அறுபத்தேழாம் வருஷம் அவளுக்கு முதல் பிரசவம். இரண்டு நாள் வலி. பிள்ளை செத்துப் பிறந்தது, உதிரம் நிற்கவில்லை. எப்படியோ பிழைக்க வைத்தேன். அடுத்த பிரசவத்தில் தங்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினால் ராஜமேரியால் முடியவில்லை என்பார்கள். அதை நான் ஏன் கேட்க வேண்டும்?

நாற்பதாம் நாள், புண் ஆறியதா பார்க்கிறேன் என்று அவளைப் படுக்க வைத்து, பிள்ளை உண்டாகாதபடி கர்ப்பப்பைக்குள் லூப் போட்டேன். கருத்தடை முகாமில் டாக்டரம்மா போடுவதைப் பார்த்துக் கற்றது. அதில் தொங்கும் நூலை ஒட்ட நறுக்கினேன். கைக்குத் தட்டுப்பட்டால் கேள்வி வரும். அவளிடம் சொல்லவில்லை. புருஷன் சென்றாயனிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு மாசியிலும் பிள்ளை வரம் கேட்டுத் தீர்த்தமலை ஏறினாள். அங்கிருந்து தீர்த்தத்தைச் சொம்பில் கொண்டுவந்து நேராக என்னிடம் நீட்டுவாள்.

"உங்க கையால ஊத்துங்க சிஸ்டர். உங்க கைராசிக்காச்சும் ஒண்ணு தங்கட்டுங்க."

ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அந்த நாட்களில் என் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமியார் மலடி என்றாள். இந்தத் தையில் சென்றாயன் இன்னொருத்திக்குத் தாலி கட்டினான். அப்போதாவது லூப்பை எடுத்திருக்கலாம். எடுக்கும் கொக்கி என் பையிலேயே இருந்தது. எடுத்தால் கர்ப்பமாவாள், பிரசவத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவாள். யோசித்தேன், எடுக்கவில்லை. போன வாரம் கிணற்றில் குதித்தாள். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் லூப்பைக் கண்டுபிடித்தார், நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், நான்தான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். அழுவேன் என்று என் முகத்தைப் பார்க்காதீர்கள். நான்கு வருஷம் அவளைச் சாகாமல் காப்பாற்றியவள் நான். கிணற்றில் விழுந்ததைப் பிரசவத்தில் சேர்க்க மாட்டார்கள். அதோ, பெஞ்சு மேல் என் பதிவேடு இருக்கிறது. புரட்டிப் பாருங்கள் ஐயா, தாய் மரணம் என்ற பத்தியில் ஒரு பெயர் கிடையாது.