மணி அடித்த பிறகு

இன்று காலை பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்த பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும்.

"நான் ஜெயிக்கதுக்கு இல்லம்மா. இன்னொருத்திய ஜெயிக்க வைக்கத்தான் கூப்பிடுதாவ" என்றாள் மகள். அதைக் கேட்டபின் என்னால் ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலத்தின் முதல் இடத்தை விடாமல் வைத்திருந்தவள், முழங்கால் அடிபட்டு இப்போதுதான் மைதானத்துக்குத் திரும்புகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"செலக்சன் ஓட்டத்துல மொத சுத்து நான் முன்னால ஓடி, அந்தப் புதுப்பிள்ளைய வேகமா இழுத்துட்டு வரணுமாம். கடைசிச் சுத்துக்கு மணி அடிச்சதும் ஒதுங்கிரணுமாம். கோச் சாரு சொல்லுதாரு."

"ஒதுங்கிட்டா உன்ன அணியில எடுப்பாவளா?"

"பாதில நின்னவள யாரும்மா எடுப்பா?"

"அப்பம் போகாத."

"போவேன்."

"ஏட்டி, திரும்ப முட்டு போச்சுன்னா உன்னத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல."

நானும் மகளைப் பெற்றவள். 'போகாதேம்மா' என்று எனக்கும் வாய்வரை வந்தது.

"சாரு சொன்னபடியே இழுத்துட்டு வாரேன். மணி அடிச்சப்புறம் ஒதுங்க மாட்டேன். எனக்காவ ஓடுவேன்."

சேரன்மாதேவி தாண்டியதும் தாய் மகள் பக்கம் திரும்பினாள். பிறகு, "சாரு கோவப்பட மாட்டாரா?" என்றாள்.

"கோவம் வந்தா ஓடி வந்து பிடிக்கட்டும்."

"அந்தத் தொந்திய வச்சுக்கிட்டா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, ஓடு. நானும் வந்து அங்கன நின்னு சத்தம் போடுதேன்."