ஊற வைத்த குரோட்டன்ஸ்

— இது செடியா மேஸ்திரி? கஞ்சியில போட்ட கீரை மாதிரி தொவண்டு கெடக்குது.

— அதுக்குத்தான் டீச்சரம்மா, தொட்டியோட தூக்கிக்கினு உங்ககிட்ட ஓடியாந்தேன். பங்கஜம் டீச்சர் வேலூருக்கு ட்ரெய்னிங் போறப்ப என் கையில குடுத்துட்டுப் போன குரோட்டன்ஸ் இது. இன்னும் மூணு வாரத்துல அவங்க திரும்பி வந்துடுவாங்க.

— இது எங்க பள்ளிக்கூட ஜன்னல்ல செவப்பும் மஞ்சளுமா நின்ன செடிதானே? ஒரே ஸ்கூல்ல வேலை பாக்கறேன், வீட்டுல பதினாலு தொட்டி வெச்சிருக்கேன். என்கிட்ட குடுக்காம தோல் பதனிடற ஷாப்பு மேஸ்திரிகிட்ட எதுக்குக் குடுத்தா?

— அது நம்பிக்கை டீச்சரம்மா. இந்த ஆம்பூர்ல இத்தினி பேர் இருக்க, இந்த இருதயராஜுகிட்ட குடுக்கணும்னு தோணுச்சே.

— ரொம்ப பெருமைதான். தண்ணி எவ்ளோ ஊத்தறீங்க?

— ஷாப்பு சங்கு ஊதறப்பல்லாம் ஒரு சொம்பு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.

— ஐயோ பாவமே.

— மொதல்ல கம்மியாத்தான் வுட்டேன். எலை மஞ்சளாச்சி. பேஜாராப் போயி, மாந்தோப்பு வெச்சிருக்காரே சர்தார் பாஷா, அவர்கிட்ட கேட்டேன். "தண்ணிய வுட்டுடு தோஸ்த்"ன்னாரு. அன்னிலேர்ந்துதான் ஜாஸ்தியா வுட்டேன்.

— அவர் தண்ணி ஊத்தறத நிறுத்துன்னு சொல்லியிருக்கார் மேஸ்திரி.

— தோல ஊற வெக்கிற எங்க ஊறல் தொட்டி மேல நின்னுக்கினு "தண்ணிய வுட்டுடு"ன்னா வாய்க்காலத் தெறக்கணும். பதினோரு வருசமா எனக்கு அதான் அர்த்தம்.

— சரி, பீடிய விட்டுடுன்னு ஒருத்தர் சொன்னா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க பாக்கலாம்.

— அது... அது பீடி.

— நல்ல பதில். இப்படி வெளிச்சத்துக்குத் திருப்புங்க. எலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா என்ன?

— அது தோல் ஊற வெக்கிற சுண்ணாம்பு. என் சட்டையிலேர்ந்து தெறிச்சிருக்கும். நம்ம வேலை அப்படி.

— சுண்ணாம்புக்குக் கால் இருக்குதா? பாருங்க, நடக்குது.

— அட, ஆமா.

— மாவுப்பூச்சி. மேல இதுங்க சாற உறிஞ்சுது, கீழ நீங்க முழுகடிக்கிறீங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கணுமே, எங்க?

— இருந்துச்சி. ஒழுகிக்கினே கெடந்துச்சி. தொட்டி ஒழுகினா மேஸ்திரிக்குத்தானே அசிங்கம்? சுண்ணாம்பும் வெல்லமும் கொழச்சி நான்தான் அடைச்சேன். இப்ப ஒரு சொட்டு எறங்காது.

— என்ன மேஸ்திரி, பெருமையா சொல்றீங்க?

— வேலை சுத்தம்னு சொன்னேன்.

— தோல ஊற வெச்சா வேலை நடக்கும். இது உசுரு உள்ளது. வேரும் மூச்சு விடணும். தொட்டிய சாய்ங்க, மண்ணோட எடுத்துடலாம். மெதுவா. ஐயய்யோ, என்ன நாத்தம். இத்தனை நாள் உங்களுக்குத் தெரியலியா?

— தோல் ஷாப்புல வேலை செய்யறவனப் போயி நாத்தம் தெரியலியான்னு கேக்கறீங்களே.

— கேட்டது என் தப்புதான். இங்க பாருங்க, இந்த வேரெல்லாம் கறுத்து கொழகொழன்னு போயிடுச்சு. அழுகினத மட்டும் அறுக்கணும். வெள்ளையா நிக்கிற வேரு நாலே நாலு, அதுல கத்தி பட்டா அவ்ளோதான். இது என் கைக்கு வராத வேலை.

— குடுங்க இப்படி.

— வேணாம் மேஸ்திரி.

— டீச்சரம்மா, தோல்ல ஒட்டியிருக்கிற சதைய வழிக்கறப்ப நூலளவு ஆழமா போனாலும் தோலு பொத்தல். என் கையில இதுவரைக்கும் ஒண்ணு பொத்தலானது இல்ல. தள்ளுங்க.

— ...நல்லா வருதே. அட. இவ்ளோ பெரிய கையில இப்படி ஒரு நிதானமா?

— இது பொழைக்குமா?

— பாதிக்குப் பாதி. உங்க பீடிக்கட்ட எடுங்க.

— இப்ப எதுக்கு பீடி?

— உதுத்து, அந்தப் புகையிலைய சோப்புத் தண்ணியில போடப் போறேன். அதுல துணிய நனைச்சு ஒவ்வொரு எலையா தொடைக்கணும். மாவுப்பூச்சிக்கு அதான் வைத்தியம். ஏன், மூஞ்சி சுருங்குது?

— கட்டு புதுசு. பரவால்ல, எடுத்துக்குங்க. செடி பொழைச்சாப் போதும்.

— ஒரு செடிக்கு இவ்ளோ கலங்கறீங்களே மேஸ்திரி. செடிக்கு மட்டும்தானா?

— உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். பங்கஜம் டீச்சர் திரும்பி வந்ததும், அவங்கப்பாகிட்ட பேசலாம்னு இருக்கேன். படிச்ச பொண்ணு, நான் ஊறல் தொட்டி மேஸ்திரி. என்னைப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? இந்த ஒரு செடிதான் தெரியும். இதையே சாவடிச்சிட்டு, உங்க பொண்ண நல்லா வெச்சிப்பேன்னு எந்த வாயால கேப்பேன்? ராத்திரியெல்லாம் இதே யோசனைதான்.

— கேக்கவே பாவமா இருக்குது. சரி, அடைச்ச ஓட்டைய குத்தி விடுங்க. ஆத்து மணலும் ஏரி வண்டலும் பாதிப் பாதி கலந்து வெக்கறேன். இனிமே நான் சொல்ற வரைக்கும் தண்ணி கிடையாது. வெரல மண்ணுக்குள்ள ரெண்டு கணு வுட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா சொம்பத் தொடக்கூடாது.

— சங்கு ஊதினா கை தானா சொம்புக்குப் போவுதே.

— சொம்ப என்கிட்ட குடுத்துட்டுப் போங்க.

— தண்ணிய வுட்டுட்டேன் டீச்சரம்மா. நீங்க சொல்ற அர்த்தத்துல.

*

— டீச்சரம்மா, டீச்சரம்மா. கதவத் தெறங்க. பதினெட்டு நாளு காத்திருந்தது வீண் போவல. தொட்டியப் பாருங்க.

— மெதுவா மேஸ்திரி, கீழ போட்டுடாதீங்க. எங்க?

— நுனியில பாருங்க. ஒண்ணு, ரெண்டு, இதோ மூணாவது. குங்குமத்துல தொட்டு எடுத்தாப்ல செவப்பா எலை வுடுது. பூச்சி ஒண்ணு கெடையாது. தெனம் எலைய புரட்டிப் புரட்டி பாத்தேன். சிரிப்பீங்க, அதுகிட்ட பேசக்கூட செஞ்சேன்.

— பொழைச்சுக்கிச்சு. நெசமாவே பொழைச்சுக்கிச்சு மேஸ்திரி. நான் நம்பவே இல்ல.

— எனக்கு அழுகையே வந்துடுச்சி. சனிக்கிழமை பாசஞ்சர்ல வர்றாங்க இல்ல? தொட்டிக்குக் காவி பூசி, ஸ்டேசனுக்கே எடுத்துக்கினு போயி கையில குடுக்கப் போறேன். அங்கயே அவங்கப்பாவும் இருப்பாரு.

— காலைல பங்கஜம்கிட்டயிருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்துது.

— என்னைப் பத்தியா?

— உங்களைப் பத்தியும் இருக்குது. செடியப் பத்தியும் இருக்குது.

— வேற எடத்துல முடிவாயிடுச்சா? சொல்லிடுங்க டீச்சரம்மா. தாங்கிக்கிறேன்.

— உக்காருங்க. படிக்கிறேன். "அன்புள்ள தனபாக்கியம், அந்தக் குரோட்டன்ஸ் என்ன ஆயிற்று என்று எழுதவே மாட்டேன் என்கிறாயே. உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அது ராணிப்பேட்டை கம்பவுண்டர் ஆசீர்வாதம் எனக்குக் கொடுத்தது. இந்தச் செடி உயிரோடு இருக்கும் வரைக்கும் என் சம்மதத்துக்குக் காத்திருப்பதாக என் அப்பா முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு வேறு சம்பந்தப் பேச்சே எடுக்க மாட்டேன் என்கிறார்."

— அப்ப இது... கம்பவுண்டர் செடியா?

— இருங்க, கடுதாசி இன்னும் முடியல. "என் கையால் அதைச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் கொடுத்தால் நீ பிழைக்க வைத்துவிடுவாய். அதனால்தான் ஊரெல்லாம் யோசித்து, எதைக் கொடுத்தாலும் தண்ணீரில் முக்கிவிடுகிற இருதயராஜ் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். செடி செத்துவிட்டது என்று ஒரு வரி எழுது, மேஸ்திரியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்."